பாறையில் திடீரெனப் பெருகும் உயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாறை அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு வருபவருக்குச் சில இடங்களில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. வெகுதூரம் வெறுமையாகத் தோன்றிய பாறையில், சற்று மேலே சென்றதும், ஓடு, கால், கண் ஆகியவை கொண்ட விலங்குகள் பலவகையாகத் தென்படத் தொடங்குகின்றன. இவ்வகை மாற்றங்களுள் மிகவும் பெயர்பெற்றது 'கேம்பிரியன் வெடிப்பு'. இதைக் காட்டிப் பரிணாமக் கோட்பாடே தவறு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியொன்று நிகழவே இல்லை, எல்லாம் புதைபடிவப் பதிவின் குறைபாடு என்று ஒதுக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பையும் முன்வைத்து மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

'திடீரென' என்றால் எவ்வளவு காலம்?

கேம்பிரியன் காலத்தின் தொடக்கம் இன்றைக்குச் சுமார் 53.88 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணிக்கப்பட்டுள்ளது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள ஃபார்ச்சூன் ஹெட் என்னும் கடற்கரைப் பாறையில், புழுவைப் போன்ற ஒரு விலங்கு சேற்றுக்குள் கிளைகிளையாகத் தோண்டிச் சென்ற தடம் முதலில் தென்படும் மட்டமே இந்தக் காலத்தின் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. டிரைலோபைட்டுகள் என்னும் ஓடுடைய கணுக்காலிகள் பாறையில் தென்படுவது சுமார் 52.1 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் உள்ள செங்ஜியாங் படிவுகளில் ஒரு முழுக் கடல்வாழ் சமூகமே காணப்படுகிறது. அதன் வயது சுமார் 51.8 கோடி ஆண்டுகள். ஆக, முதல் தடத்திலிருந்து அந்தச் செழிப்பு வரை ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தை அறுபது முறைக்கு மேல் அடுக்கினால்தான் 2 கோடி ஆண்டுகள் வரும். பூமியின் 450 கோடி ஆண்டு வரலாற்றோடு ஒப்பிட்டால் அது சிறு துளி. ஒரு தலைமுறை சில மாதங்களில் முடிந்துவிடும் கடல் விலங்குகளுக்கோ அது கணக்கற்ற தலைமுறைகளின் காலம். 'வெடிப்பு' என்ற சொல் இந்த இரண்டு அளவுகோல்களையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது என்பது என் எண்ணம். நிலவியலாளர் பேசும் 'திடீர்' வேறு, நாம் அன்றாடம் பேசும் 'திடீர்' வேறு.

இந்த ஆண்டுக் கணக்குகளை எப்படி நம்புவது?

படிவுப் பாறைகளுக்கு இடையே ஆங்காங்கே எரிமலைச் சாம்பல் படலங்கள் சிக்கியிருக்கின்றன. அச்சாம்பலில் உள்ள சிர்கான் என்னும் நுண்படிகம் உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும். ஈயத்தைப் பெரும்பாலும் ஏற்காது. ஆகவே இன்று அதற்குள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டானது. சிதைவின் வேகம் ஆய்வகத்தில் அளக்கப்பட்டிருப்பதால், இரண்டின் விகிதத்திலிருந்து படிகத்தின் வயது கிடைக்கிறது. யுரேனியத்தின் இரு வகைகள் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால், ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. அவை ஒன்றையொன்று சரிபார்க்கின்றன.

கேம்பிரியனுக்கு முன் உயிர்களே இல்லையா?

இருந்தன. நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உருவாக்கிய பாறைத் திட்டுகளுக்கு ஏறக்குறைய 350 கோடி ஆண்டு வயது உண்டு. ஆயினும், நுண்ணுயிர்கள் அல்ல, விலங்குகள் எப்போது வந்தன என்பதே இங்கே கேள்வி. அதற்கு விடை தரத் தொடங்கியது, கேம்பிரியனுக்கு நேர் முந்தைய எடியாகரன் காலம்.

1946-இல் ரெக் ஸ்பிரிக் என்னும் நிலவியலாளர், தெற்கு ஆஸ்திரேலியாவின் எடியாகரா குன்றுகளில், மென்மையான உடல்கள் மணற்கல்லில் பதிந்திருந்ததைக் கண்டார். முதலில் அவற்றைக் கேம்பிரியன் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்றே கருதினார்கள். 1957-இல் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில், கேம்பிரியனுக்கு முற்பட்டதென ஐயமின்றித் தெரிந்திருந்த பாறையில், இலை வடிவிலான சார்னியா என்னும் உயிரின் பதிவு ஒரு பள்ளி மாணவரின் கண்ணில் பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே ஒரு மாணவி அதைப் பார்த்துத் தன் ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பழைய பாறையில் புதைபடிவம் இருக்க வாய்ப்பே இல்லை என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். 'இல்லை' என்ற நம்பிக்கை எவ்வளவு காலம் தேடலையே தடுத்திருக்கும் என்பதை இந்தச் சிறு நிகழ்ச்சி காட்டுகிறது.

எடியாகரன் உயிர்கள் விலங்குகளா, பாசிகளா, முற்றிலும் வேறொரு கிளையா என்ற வழக்கு பல பத்தாண்டுகள் நீடித்தது. 2018-இல், ரஷ்யாவின் வெண்கடல் பகுதியில் கிடைத்த டிக்கின்சோனியா என்னும் முட்டை வடிவப் படிவத்தின் மேல் எஞ்சியிருந்த கரிமப் படலத்தில், விலங்குகளுக்கே உரிய கொலஸ்டிராலின் வேதிச் சுவடு கண்டறியப்பட்டது. அதன் வயது சுமார் 55.8 கோடி ஆண்டுகள். கிம்பரெல்லா என்னும் மற்றோர் உயிர் நுண்ணுயிர்ப் படலத்தைச் சுரண்டித் தின்ற கீறல்களும், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிளவுடினாவின் கால்சியக் குழாய்களில் ஏதோ ஒரு வேட்டை உயிர் இட்டதாகக் கருதப்படும் துளைகளும் கிடைத்துள்ளன. கேம்பிரியனின் தொடக்கப் பகுதியில், சில மில்லிமீட்டர் அளவேயுள்ள ஓட்டுத் துணுக்குகளும் முட்களும் ஏராளமாக வருகின்றன. சுண்ணாம்புப் பாறையை மென்மையான அமிலத்தில் கரைத்து, எஞ்சிய துகள்களை நுண்ணோக்கியின் கீழ் பொறுக்கியெடுத்தே இவற்றைக் காண முடிகிறது. சுத்தியலால் பாறையைப் பிளந்து தேடிய பழைய தலைமுறையினரின் பார்வைக்கு இவை பெரும்பாலும் தப்பியதில் வியப்பில்லை.

எனவே, வெறுமையிலிருந்து ஒரே தாவலில் டிரைலோபைட் வந்தது என்ற சித்திரம் பழையது. முதலில் மென்னுடல்கள், பிறகு கீறல்களும் குழாய்களும், பிறகு தோண்டிய தடங்கள், பிறகு ஓட்டுத் துணுக்குகள், அதன்பின் டிரைலோபைட்டுகள் என்று படிக்கட்டாகவே பாறை பேசுகிறது.

இந்தச் சிக்கல் டார்வினுக்குத் தெரிந்திருந்ததா?

நன்றாகத் தெரிந்திருந்தது, மறைக்கவும் இல்லை. 1859-இல் வெளியான தம் நூலில் நிலவியல் பதிவின் குறைபாட்டுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அக்காலத்தில் படிவங்கள் கிடைத்த மிகப் பழைய அடுக்குகள் சிலூரியன் என்று அழைக்கப்பட்டன. தம் கோட்பாடு சரியென்றால் அந்த அடுக்குகளுக்கு முன் மிக நீண்ட காலம் கழிந்திருக்க வேண்டும், அக்காலத்தில் உலகம் உயிர்களால் நிறைந்திருக்க வேண்டும் என்று எழுதினார். அந்த உயிர்களின் பதிவு ஏன் கிடைக்கவில்லை என்பதற்குத் தம்மிடம் நிறைவான விடை இல்லை என்றும், அதைத் தமக்கெதிரான தக்க வாதமாகக் கொள்ளலாம் என்றும் ஒப்புக்கொண்டார்.

அவருடைய ஊகம் பாதி பலித்தது. அந்த நீண்ட காலமும் இருந்தது, உயிர்களும் இருந்தன. ஆனால் முழுச் சிக்கலையும் பதிவின் குறை என்றே தீர்த்துவிடலாம் என்று அவர் நம்பியதை இன்றைய சான்றுகள் தாங்கவில்லை. ஏன் என்பதே அடுத்த கேள்வி.

'பதிவு முழுமையாக இல்லை' என்பது வெறும் சாக்குப்போக்கு இல்லையா?

குறை இருப்பது உண்மை. அதை எடுத்துக்காட்டோடு நிறுவவும் முடியும். சீலகாந்த் என்னும் மீனின் படிவங்கள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசார்களோடு முடிந்துவிடுவதாகவே தோன்றின. 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் அது உயிரோடு வலையில் சிக்கியது. இடைப்பட்ட 6 கோடி ஆண்டுகளும் அந்த மரபு எங்கோ நீந்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஓடும் எலும்பும் இல்லாத விலங்குகளின் நிலை இன்னும் மோசம். அவை படிவமாவதற்கு மிகச் சிறப்பான சூழல் வேண்டும். சார்லஸ் வால்காட் 1909-இல் கனடாவின் ராக்கி மலைகளில் கண்ட பர்ஜெஸ் ஷேல், 1984-இல் ஹோ ஷியான்குவாங் கண்ட செங்ஜியாங் ஆகிய இரண்டும் அத்தகைய அரிய சன்னல்கள். மேலும், ஓர் இனத்தின் மிகப் பழைய படிவம் என்று நம் கைக்குக் கிடைப்பது அந்த இனம் உண்மையில் தோன்றிய நாளுக்குப் பிந்தையதாகவே இருக்கும். முதல் உயிரியே படிவமாகி, அதுவே நம் சுத்தியலில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை.

இவ்வளவும் சரி. ஆனாலும், குறை என்ற வாதத்தை ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. அதற்குக் காரணம் தடங்கள். ஒரு விலங்குக்கு ஓடு இல்லாமல் போகலாம், எலும்பு இல்லாமல் போகலாம்; ஆனால் தசையோடும் குடலோடும் முன்பின் என்ற திசையோடும் சேற்றில் ஊர்ந்தால், ஓர் உயிர் தன் வாழ்நாளில் எண்ணற்ற தடங்களை விட்டுச் செல்லும். உடல் அழுகி மறைந்தாலும் தடம் கல்லாகும். எடியாகரன் காலத்தின் பெரும்பகுதியில் கடலடிச் சேறு கலைக்கப்படாமல் ஏடு ஏடாகக் கிடக்கிறது. அதன் இறுதிக்கட்டத்தில் மேற்பரப்பை ஒட்டிய எளிய கோடுகள் வருகின்றன. கேம்பிரியனில் அவை கீழ்நோக்கி இறங்குகின்றன, கிளைக்கின்றன, வகையில் பெருகுகின்றன. அடுக்குகள் கலங்கத் தொடங்குகின்றன. கீழ் அடுக்குகளில் பெரிய, சுறுசுறுப்பான, தோண்டும் விலங்குகள் கூட்டமாக ஒளிந்திருந்தன என்று வாதிடுபவர், அவை எதையும் தொடாமல் வாழ்ந்தன என்றும் சேர்த்து வாதிட வேண்டியிருக்கும். ஆகவே, வேகம் கூடியது உண்மை. பதிவின் குறை அதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. என் பார்வையில் இன்றைய சான்றுகளோடு நன்றாகப் பொருந்தும் நிலைப்பாடு இதுவே.

எல்லா விலங்குத் தொகுதிகளும் ஒரே சமயத்தில் முழு உருவில் தோன்றின என்கிறார்களே?

மெல்லுடலிகள், கணுக்காலிகள், முட்தோலிகள், முதுகுநாணிகள் என விலங்குலகின் முப்பதுக்கும் மேற்பட்ட பெரும் பிரிவுகளைத் தொகுதிகள் என்கிறோம். அவற்றுள் எளிதில் படிவமாகும் பெரும்பாலானவற்றின் முதல் அடையாளம் கேம்பிரியனில் கிடைப்பது உண்மை. 'எல்லாம்', 'ஒரே சமயம்', 'முழு உருவில்' என்ற மூன்று சொற்களும்தாம் தவறு. சில தொகுதிகளுக்குப் படிவமே கிடையாது. சில முன்பே வந்துவிட்டன: 2022-இல் விவரிக்கப்பட்ட ஆரோராலுமினா, பவளங்களும் இழுதுமீன்களும் அடங்கிய தொகுதியைச் சேர்ந்தது, அது எடியாகரன் காலத்தின் அதே சார்ன்வுட் பாறைகளில் கிடைத்தது.

இதைவிட ஆழமான பிழை, தொகுதி என்ற சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. தொகுதி என்பது இன்றைய விலங்குகளைப் பார்த்து நாம் பின்னோக்கி ஒட்டிய முகவரிச் சீட்டு. ஓர் ஆறு இரண்டு கிளைகளாகப் பிரியும் இடத்தை எண்ணிப் பாருங்கள். பிரிந்த இடத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கல்லெறியலாம். கடலைச் சேரும் இடத்தில் இரு முகத்துவாரங்களுக்கும் இடையே பல நாள் நடை. முகத்துவாரத்தின் பெயரைப் பிரியும் இடத்துக்கே சூட்டிவிட்டு, 'இவ்வளவு தொலைவு ஒரே அடியில் எப்படி உண்டானது' என்று வியப்பது பொருளற்றது. கேம்பிரியனில் பிரிந்த கிளைகளின் தொடக்க உயிர்கள் ஒன்றுக்கொன்று இன்றைய நத்தையும் நண்டும் போல வேறுபட்டிருக்கவில்லை.

இதற்குப் படிவங்களே சாட்சி. இன்றைய தொகுதி ஒன்றின் எல்லாப் பண்புகளையும் பெறாமல், சிலவற்றை மட்டும் பெற்று, அதன் அடிமரத்தில் நிற்கும் உயிர்கள் கேம்பிரியனில் பல உண்டு. ஐந்து கண்களும் நீண்ட துதிக்கையும் கொண்ட ஓபாபினியாவின் உருவம் 1972-இல் ஓர் ஆய்வரங்கில் காட்டப்பட்டபோது அவையே சிரித்துவிட்டது. அனோமலோகாரிஸ் வகை வேட்டை விலங்குகளின் கையை இறாலின் உடலாகவும், வட்டமான வாயை இழுதுமீனாகவும் தனித்தனியே பெயரிட்டு வைத்திருந்தார்கள். 1985-இல்தான் ஹாரி விட்டிங்டனும் டெரெக் பிரிக்ஸும் அவற்றை ஒரே உடலாகச் சேர்த்தார்கள். ஹாலுசிஜீனியாவின் கதை இன்னும் சுவையானது. 1977-இல் அதை முட்களின் மேல் நடப்பதாக வரைந்தார்கள். 1991-இல் சீனப் படிவங்களின் துணையோடு அது தலைகீழாகத் திருப்பப்பட்டது: முட்கள் முதுகில் இருந்தன, கால்கள் கீழே இருந்தன. 2015-இல் முன்பின்னும் மாறியது. தலை என்று கருதப்பட்டது, உடலிலிருந்து பிதுங்கிய திரவத்தின் கறையாம். விசித்திரம் என்று ஒதுக்கப்பட்ட இம்மூன்றும் இன்று கணுக்காலிகளும் வெல்வெட் புழுக்களும் அடங்கிய பெருங்கிளையின் அடிப்பகுதியில் இடம் பெறுகின்றன. தொடர்பற்ற தனித் தொகுதிகளாகத் தோன்றியவை இடைநிலை வடிவங்களாக மாறிவிட்டன.

இயற்கைத் தேர்வுக்கு அவ்வளவு குறுகிய காலம் போதுமா?

இதைக் கணக்கிட்டே பார்த்திருக்கிறார்கள். கணுக்காலிகளை வைத்து 2013-இல் வெளியான ஆய்வொன்று, கேம்பிரியன் வெடிப்பின்போது உடலமைப்பு மாறிய வேகம் பிற்காலத்தைப் போல் சுமார் 4 மடங்கு, மரபணு மாறிய வேகம் சுமார் 5.5 மடங்கு என்று மதிப்பிட்டது. அது பெரிய வேகம்தான். ஆனால் இன்றைய உயிர்களிடம் அளந்தறிந்த வேகங்களின் எல்லையை அது தாண்டவில்லை.

1977-இல் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னே மேஜரில் கடும் வறட்சி வந்தபோது, பெரிய கடின விதைகளை உடைக்கவல்ல குருவிகளே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு அளவிடத்தக்க வகையில் பெருத்திருந்தது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டு மீண்டும் நிரம்பியது. அதன்பின் அங்கே சிக்லிட் மீன்களில் ஏறக்குறைய 500 இனங்கள் உருவாகியுள்ளன. அவை அனைத்தும் மீன்களே, புதிய உடலமைப்பு ஏதும் வரவில்லை என்று மறுப்பவர் சொல்வது நியாயமே. ஆனால் 15,000 ஆண்டுகளுக்கும் 2 கோடி ஆண்டுகளுக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு உள்ளது. ஒளியுணரும் தட்டையான தோற்பரப்பு ஒன்று படிப்படியாக மீன்கண் போன்ற உறுப்பாக மாற எவ்வளவு காலம் ஆகும் என்று நில்சனும் பெல்கரும் 1994-இல் வேண்டுமென்றே மந்தமான வேகத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 3,64,000 தலைமுறைகள் என்று விடை வந்தது.

படிவங்களில் பொதுவாகப் பரிணாமம் ஏன் மந்தமாகத் தெரிகிறது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. குறுகிய காலத்தில் வேகமாக நிகழும் மாற்றங்கள் முன்னும் பின்னுமாக ஊசலாடி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், நீண்ட இடைவெளியில் அளக்கும்போது சராசரி வேகம் குறைந்துவிடுகிறது. வியப்புக்குரியது வேகம் அல்ல. வேகம் ஒரே திசையில் தொடர்ந்து நீடித்ததே.

மரபணுக் கடிகாரம் என்ன சொல்கிறது?

இன்றைய விலங்குகளின் மரபணு வேறுபாடுகளைக் கொண்டு கிளைகள் பிரிந்த காலத்தைக் கணிக்கும் முறை, விலங்குகளின் பொது மூதாதையைக் கேம்பிரியனுக்குப் பல கோடி ஆண்டுகள் முன்னே கொண்டுபோய் நிறுத்துகிறது. பெரும் கிளைகள் பல எடியாகரன் காலத்திலேயோ அதற்கு முன்போ பிரிந்துவிட்டன என்று பெரும்பாலான கணிப்புகள் கூறுகின்றன. கிளை பிரிவதும், பிரிந்த கிளை உடலால் வேறுபட்டுப் பெருகுவதும் இரு வேறு நிகழ்ச்சிகள் என்பதால் இதில் முரண்பாடு இல்லை. ஆனால் தொடக்கத்தில் மரபணு மாற்றம் உண்மையிலேயே வேகமாக நடந்திருந்தால் கடிகாரம் வயதைக் கூட்டிக் காட்டிவிடும். அந்தக் காரணத்தால், தடங்களோ படிவங்களோ துணை நிற்காத மிகப் பழைய தேதிகளை ஒரு சிட்டிகை ஐயத்தோடு படிப்பது நல்லது.

அப்போது மட்டும் ஏன் அப்படிப் பெருகின? காரணம் என்ன?

ஒற்றைக் காரணம் தேடுபவர்கள் பெரும்பாலும் ஆக்சிஜனிடம் போய் நிற்கிறார்கள். ஓடி வேட்டையாடும் பெரிய உடலுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும் என்பது சரி. எடியாகரன், கேம்பிரியன் காலங்களில் கடலில் அதன் அளவு ஏறி இறங்கி ஒருவாறு உயர்ந்ததற்கு வேதிச் சான்றுகளும் உண்டு. ஆயினும் 2014-இல் வெளியான ஆய்வில், ஒரு கடற்பஞ்சு இன்றைய வளிமண்டல அளவில் 4 சதவீதத்துக்கும் குறைவான ஆக்சிஜனிலும் உயிர் பிழைத்தது. விலங்குகள் தோன்றவே ஆக்சிஜன் காத்திருக்க வைத்தது என்று சொல்வது கடினம். எவ்வகை விலங்குகள் பெருகலாம் என்பதற்கு அது வரம்பிட்டது என்று சொல்லலாம். கதவு திறந்திருந்தது என்பது, யார் ஏன் உள்ளே நுழைந்தார்கள் என்பதற்கு விடை ஆகாது.

மரபணுக்களின் பக்கம் பார்த்தால், உடலின் எந்தப் பகுதியில் எந்த உறுப்பு வர வேண்டும் என்று ஆணையிடும் ஹாக்ஸ் மரபணுக்களும் அவற்றின் உறவுகளும் கேம்பிரியனுக்கு முன்பே உருவாகிவிட்டன. புழு முதல் மனிதன் வரை அவை பகிரப்பட்டிருப்பதே அதற்கு ஆதாரம். 1995-இல் வால்டர் கெரிங்கின் குழு, கண் உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் மரபணுவைப் பழ ஈயின் காலிலும் இறக்கையிலும் இயங்க வைத்து, அங்கே கண்களை முளைக்கச் செய்தது. எலியின் இணையான மரபணுவை இட்டபோதும் ஈயின் கண்ணே முளைத்தது. கருவிப்பெட்டி பொதுவானது, பழமையானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. புதிய கருவிகள் வேண்டியிருக்கவில்லை. பழைய கருவிகளை எப்போது, எங்கே இயக்குவது என்ற ஆணை மாறினாலே புதிய உடல் கிடைக்கும்.

எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றுவது மூன்றாவது பக்கம்: விலங்குகளே ஒன்றுக்கொன்று சூழலாக மாறியது. ஓர் உயிர் மற்றோர் உயிரைத் தின்னத் தொடங்கியவுடன் இரையானதற்கு ஓடு தேவைப்படுகிறது. ஓடு வந்தவுடன் வேட்டைக்கு வலுவான வாய் தேவைப்படுகிறது. பார்வை வந்தவுடன் ஒளிந்துகொள்ளத் தெரிய வேண்டும், தப்பி ஓட வேண்டும், சேற்றுக்குள் புதைய வேண்டும். சேற்றைத் தோண்டும் விலங்கோ அதுவரை காற்றறியாமல் இருந்த அடிச்சேற்றுக்கு ஆக்சிஜனையும் உணவையும் கொண்டுசெல்கிறது; அதனால் இன்னும் ஆழத்தில் வாழ இடம் உண்டாகிறது; எடியாகரன் உயிர்கள் நம்பியிருந்த நுண்ணுயிர்ப் படலமோ அழிகிறது. ஒவ்வொரு மாற்றமும் அடுத்த மாற்றத்துக்குத் தூண்டுகோலாகும் இத்தகைய தொடரில், தொடக்கம் மெதுவாகவும் நடுப்பகுதி மிக வேகமாகவும் இருப்பதே இயல்பு. பாறை காட்டும் படிக்கட்டின் வடிவமும் அதுவே. கண்டங்களின் மேற்பரப்பு பெருமளவில் அரிக்கப்பட்டுக் கால்சியம் முதலிய தாதுக்கள் கடலில் சேர்ந்ததும் ஓடு கட்டுவதற்கு உதவியிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஏன் புதிய தொகுதிகள் தோன்றவில்லை?

விடையின் ஒரு பாதி முன்பே வந்துவிட்டது: மிகப் பழைய பிரிவுகளுக்கே நாம் 'தொகுதி' என்ற பட்டம் தருகிறோம்; எனவே தொகுதிகள் அனைத்தும் பழையனவாக இருப்பது நம் பெயரிடும் முறையின் விளைவு. மறு பாதி உயிரியல் சார்ந்தது. வெற்றிடங்கள் நிரம்பிய பிறகு, அரைகுறையான புதிய உடலமைப்போடு வரும் உயிர், அவ்விடத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேறியவற்றோடு போட்டியிட வேண்டும். கரு வளர்ச்சியின் ஆணைத் தொடர்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகிவிட்டதால், அடித்தளத்தில் கைவைத்தால் மேலே கட்டியதெல்லாம் சரியும். சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் இறுதியில், கடல் இனங்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் அழிந்து இடம் காலியானபோதுகூட, நிரப்ப வந்தவை பழைய தொகுதிகளின் புதிய வடிவங்களே.

இடையிட்ட சமநிலை என்ற கருத்து டார்வினை மறுக்கிறதா?

இல்லை, அது பேசும் பொருளே வேறு. 1972-இல் நைல்ஸ் எல்ட்ரெஜ்ஜும் ஸ்டீபன் ஜே கூல்டும் முன்வைத்த கருத்து இது: ஓர் இனம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது, மாற்றம் பெரும்பாலும் சிறிய, ஒதுங்கிய கூட்டங்களில், புதிய இனம் கிளைக்கும் சமயத்தில் நிகழ்கிறது. அந்தச் 'சமயம்' என்பது ஆயிரக்கணக்கான, பதினாயிரக்கணக்கான ஆண்டுகள். பாறையில் அது ஒரு மெல்லிய ஏடாகச் சுருங்கிவிடும். இனங்களின் அளவில் எழுந்த இந்தக் கருத்தைத் தொகுதிகளின் தோற்றமான கேம்பிரியனோடு இணைத்து மேற்கோள் காட்டுவது பரவலான தவறு. இனங்கள் மாறும் காலம் அவை மாறாதிருக்கும் காலத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்று டார்வினே தம் நூலின் பிற்பதிப்புகளில் எழுதியிருக்கிறார். மாறாமையே பொது விதியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடலடிப் படிவில் ஏடு விடாமல் சேரும் ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிர்களின் நுண்ணிய ஓடுகளில் படிப்படியான மாற்றமும் நன்றாகப் பதிவாகியுள்ளது.

கேம்பிரியனைத் தவிர வேறு திடீர்ப் பெருக்கங்கள் உண்டா?

உண்டு, ஒவ்வொன்றின் சாயலும் வேறு. சுமார் 48.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஆர்டோவிசியன் காலத்தில், கடல் விலங்குகளின் பேரினங்களும் குடும்பங்களும் பல மடங்கு பெருகின. கேம்பிரியனில் வீட்டின் வரைபடம் போடப்பட்டது என்றால், ஆர்டோவிசியனில் குடியேற்றம் நடந்தது. பூக்கும் தாவரங்கள், டைனோசார்களின் இறுதிக் காலமான கிரெட்டேசியஸ் காலப் பாறைகளில் வேகமாகப் பெருகியதை, 1879-இல் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், அருவருக்கத்தக்க மர்மம் என்று டார்வின் குறிப்பிட்டார். பூச்சிகளோடு ஏற்பட்ட கூட்டு வாழ்வும் விரைவான இனப்பெருக்கமும் அதன் விளக்கங்களில் முன்னிற்கின்றன.

பாலூட்டிகளின் பெருக்கம் ஓர் அழிவைத் தொடர்ந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலுப் பகுதியில் விண்கல் விழுந்தபின், பெரிய உடல் கொண்ட நிலவாழ் விலங்குகள் ஏறக்குறைய இல்லாமல் போயின. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள கோரல் பிளஃப்ஸ் படிவுகளைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வு இதைப் படிப்படியாகக் காட்டியது: 1 லட்சம் ஆண்டுகளுக்குள் பாலூட்டி வகைகள் இருமடங்காயின, 7 லட்சம் ஆண்டுகளுக்குள் சுமார் 50 கிலோ எடையுள்ளவை வந்துவிட்டன. வழக்கமான பாறையில் இந்த 7 லட்சம் ஆண்டுகள் ஒரு கோடாகத்தான் தெரிந்திருக்கும். படிவுகள் தடிமனாகவும் தொடர்ச்சியாகவும் அமைந்த இடத்தில் அதே 'திடீர்' படிக்கட்டாக விரிகிறது.

எதைக் கண்டால் பரிணாமக் கோட்பாடு தவறு என்று ஒப்புக்கொள்வார்கள்?

வரிசை தலைகீழானால் போதும். கேம்பிரியனுக்கு முற்பட்ட பாறையில் ஒரு முயலின் எலும்பு என்று உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் விடை சொன்னதாகக் கூறுவார்கள். செங்ஜியாங்கில் முயல் மட்டுமா, பறவையோ தவளையோ பூச்செடியோ கூட இல்லை. அங்கே கிடைத்த முதுகெலும்பிகளின் உறவினர், 1999-இல் விவரிக்கப்பட்ட, தாடையே இல்லாத, விரல் நீளங்கூட இல்லாத மீன் போன்ற உயிர்கள். தாடை, கால், மயிர், இறகு எல்லாம் பிறகு, தத்தம் வரிசையில் வருகின்றன. எங்கே எது கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் இந்த வரிசை உதவுகிறது: நீரிலிருந்து நிலத்துக்கு வந்த கட்டத்தைத் தேடியவர்கள், அதற்கேற்ற வயதுடைய ஆற்றுப் படிவுகள் வெளித்தெரியும் இடமாகக் கனடாவின் எல்ஸ்மியர் தீவைத் தேர்ந்தெடுத்து, பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு 2004-இல், 37.5 கோடி ஆண்டு வயதுடைய டிக்டாலிக் என்னும், கழுத்தும் மணிக்கட்டும் உடைய மீனைக் கண்டெடுத்தார்கள்.

இன்றும் தீராத வழக்கு ஏதாவது உண்டா?

பல உண்டு, ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிரையோசோவா என்னும் பாசி விலங்குகள் கூட்டமாகக் கால்சியக் கூடு கட்டி வாழ்பவை, எளிதில் படிவமாகக்கூடியவை. ஆனாலும் ஐயத்துக்கிடமற்ற அவற்றின் படிவங்கள் ஆர்டோவிசியனில்தான் தொடங்குகின்றன. 2021-இல், கேம்பிரியனின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்த புரோட்டோமெலிஷன் என்னும் சிறு படிவம் ஒரு பிரையோசோவா என்று அறிவிக்கப்பட்டபோது, விடுபட்ட கடைசிப் பெரிய தொகுதியும் கேம்பிரியனில் சேர்ந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். 2023-இல் மென்திசுவும் எஞ்சியிருந்த புதிய படிவங்கள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தவர்கள், அது விலங்கே அல்ல, ஒரு பச்சைப் பாசி என்று வாதிட்டார்கள். அது சரியென்றால், கேம்பிரியன் வெடிப்பு முடிந்து பல கோடி ஆண்டுகள் கழித்தும் ஒரு தொகுதி தன் ஓட்டோடு புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. கேம்பிரியனுக்குப் பின் கதவு மூடிவிட்டது என்ற கூற்றையும் அப்போது திருத்தியாக வேண்டும்.